புதன்கிழமை ஏழு முப்பத்தைந்து

அம்மா ஆங்கிலம் படித்தது 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' பார்த்துத்தான். திங்களும் புதனும் இரவு 7.30க்கு ஐடிவியில் அது போகும். இங்கிலாந்தின் வடக்கே ஒரு தெருவில் குடியிருக்கிற சனங்களின் சண்டை, கல்யாணம், கடன், கண்ணீர். "ஊர்ச் சண்டையைப் பார்த்தால் பாஷை கெதியா ஏறும்" என்பார். அதற்கு ஐந்து நிமிடம் பிந்தி, 7.35க்கு, பிபிசி ஒன்றில் 'டொக்டர் ஹூ' தொடங்கும். எங்களிடம் இருந்தது மாத வாடகைக்கு எடுத்த ஒரேயொரு ரீவி. சுவரிலிருந்த மின்சார மீட்டர் 50 பென்ஸ் நாணயத்தை விழுங்கினால்தான் அதற்கும் உயிர் வரும்.

1987 செப்டெம்பரில் எனக்கு ஒன்பது வயது. அந்த மாதம் 7ஆம் திகதி, ஒரு திங்கட்கிழமை, சில்வெஸ்டர் மக்கோய் ஏழாவது டொக்டராக வந்தார். 1989 டிசெம்பர் 6ஆம் திகதி, ஒரு புதன்கிழமை, அவருடைய கடைசிப் பகுதி போனது. மூன்று பருவங்கள், பன்னிரண்டு கதைகள், 42 பகுதிகள். அந்த வருடங்களை நினைக்கும்போது பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பில் இருந்தேன், ஆசிரியர் யார் என்பதெல்லாம் பிறகுதான் வருகின்றன. அந்த வாரம் எந்தக் கதை போனது என்பதுதான் முதலில் வருகிறது.

நாங்கள் லண்டனுக்கு வந்தது 1985 மாசியில். அந்த வருடம் மே மாதக் கடைசியில் இலங்கையர்கள் விசா இல்லாமல் இறங்க முடியாது என்று பிரிட்டன் அறிவித்தது. பொதுநலவாய நாடொன்றின் குடிமக்களுக்கு அப்படி விசா விதித்தது அதுவே முதல் தடவை. மூன்று மாதம் முந்தியதால் தப்பினோம். அல்பேர்ட்டனில் ஒரு சேலைக் கடைக்கு மேலே இரண்டறை வீடு. கொழும்பில் கணக்காளராக இருந்த அப்பா, இங்கே பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை. பின்னேரம் ஆறு மணிக்குப் போனால் விடியத்தான் வருவார். ஆகவே ரீவிக்கு முன்னால் பெரும்பாலும் அம்மாவும் நானும்தான்.

டொக்டர் ஹூ யாரென்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. பழைய காலத்துப் பொலிஸ்காரர் பாவித்த நீலநிறத் தொலைபேசிப் பெட்டி. வெளியே சின்னது, உள்ளே பெரியது. அதில் ஏறிக் காலத்திலும் அண்டவெளியிலும் திரிகிற ஒருவர். பார்த்தால் மனிதர், ஆனால் மனிதர் அல்ல. சாகிற கட்டம் வந்தால் வேறு உடம்பு எடுப்பார். அதனால்தான் 1963இலிருந்து நடிகர்கள் மாறி மாறி வந்தும் கதை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அவதாரம் எண்டு சொல்லன், பிள்ளை. இது எத்தினையாவது?"

"ஏழாவது, அம்மா."

"ஏழாவது எண்டால் இராமர்." அம்மா கொஞ்ச நேரம் திரையை உற்றுப் பார்த்தார். "ஆனால் இவர் வாமனர் மாதிரியெல்லோ இருக்கிறார். குடையும் வைச்சிருக்கிறார்."

குட்டையான மனிதர். பனாமாத் தொப்பி. கேள்விக்குறிகள் பின்னிய கம்பளிச் சட்டை. பிறகு பிறகு குடையின் பிடியே ஒரு சிவப்புக் கேள்விக்குறியாக வளைந்து வந்தது. முதல் கதையில் கரண்டிகளைத் தட்டித் தாளம் போட்டார். நாடக மேடையில் மூக்குக்குள் ஆணி அடித்தும், காற்சட்டைக்குள் மரநாயை விட்டும் சனத்தைச் சிரிக்க வைத்தவர் என்று பின்னாளில் படித்தேன். அதற்கும் முன்னர், சிறுவனாக இருந்தபோது, பாதிரியாராவதற்குப் படித்தவராம். இரண்டும் அந்த முகத்தில் இருந்தன. தொடரின் கதைகளைச் செப்பனிட்ட அண்ட்ரூ கார்ட்மெல், இந்த டொக்டர் பார்வைக்குத் தெரிவதைவிடப் பெரியவராக, பழையவராக, ஆழம் காண முடியாதவராக இருக்க வேண்டும் என்று விரும்பினார். இதைப் பற்றி இரசிகர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். மூன்றடி மண் கேட்டு வந்த குள்ளரை அம்மா முதல் நாளே கண்டுகொண்டார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போன காரணம் வேறு. அவர் ரகரத்தை உருட்டுவார். ஸ்கொட்லாந்தின் டனூனில் பிறந்த நாக்கு அது. நானும் ரகரத்தை உருட்டுவேன். எங்களுக்கு அப்படித்தான் வரும். வகுப்பில் வாய்விட்டு வாசிக்கும்போது பின்வாங்கிலிருந்து அதையே திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் ரகரத்தை விழுங்கப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில், உலகங்களைக் காப்பாற்றுகிற ஒருவர் அதே ரகரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். நான் விழுங்குவதை விட்டுவிட்டேன்.

முதல் வருடத்துக் கதைகள் நல்லவை என்று சொல்லமாட்டேன். 'டைம் அண்ட் த ரானி' வெறும் கூச்சல். முந்திய டொக்டரான கொலின் பேக்கரை பிபிசி நீக்கியிருந்தது. உருமாறும் காட்சிக்காக மட்டும் திரும்பிவர அவர் சம்மதிக்கவில்லை. அதனால் மக்கோயே சுருட்டைப் பொன்முடி விக் ஒன்றை மாட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தார். அந்த ஒக்டோபரில் போன 'பரடைஸ் டவர்ஸ்' மட்டும் நெஞ்சில் நிற்கிறது. இடிந்துபோன ஒரு மாடிக் குடியிருப்பு, அதற்குள் பெற்றோர் இல்லாத பெண்பிள்ளைகள். அந்தக் கதையின் நடுவில்தான், 15ஆம் திகதி இரவு, தென் இங்கிலாந்தைப் பெரும்புயல் அடித்தது. ஹார்விச் துறைமுகத்தில் புகலிடம் கேட்டவர்களை அடைத்து வைத்திருந்த 'ஏர்ள் வில்லியம்' என்ற கப்பல் கட்டறுந்து தரைதட்டியது. உள்ளே இருந்தவர்களில் நிறையப் பேர் எங்கள் ஆட்கள். அடுத்த நாள் வீட்டில் தொலைபேசி ஓயவில்லை. பிறகு அவர்களை வெளியே விட்டார்கள். புயல்தான் விசா கொடுத்தது என்று அப்பா சொன்னார்.

நவம்பரில் 'டிராகன்ஃபயர்' வந்தது. அதில் ஏஸ். சோஃபி ஓல்ட்ரெட் நடித்த பதினாறு வயதுப் பெண். சின்னங்கள் குத்திய கறுப்பு ஜாக்கெட், முதுகுப்பைக்குள் தானே கலந்து செய்த வெடிமருந்து. காலப்புயல் ஒன்று தூக்கிக்கொண்டு போய் வேறொரு கிரகத்தில் போட்டுவிட்டதால் அங்கே பரிசாரகியாக வேலை செய்கிறாள். பூமியில் எந்த இடம் என்று கேட்கிறார்கள். பெரிவேல் என்கிறாள்.

நான் எழும்பி நின்றுவிட்டேன். பெரிவேல் எங்கள் வீட்டிலிருந்து நடை தூரம். வெள்ளை மாளிகை போல நெடுஞ்சாலையைப் பார்த்து நிற்கிற ஹூவர் கட்டடம் அங்கேதான். அங்கேயிருந்து ஒருத்தி புயலில் அள்ளுண்டு, மொழியும் முகங்களும் வேறான ஓர் இடத்தில் கோப்பை கழுவிக்கொண்டு இருக்கிறாள். எங்களை அள்ளிய புயல் எதிர்த்திசையில் அடித்தது, அவ்வளவுதான்.

1988 ஒக்டோபர் 5. தொடர் இப்போது புதன்கிழமைக்கு மாறியிருந்தது. பென் ஆரனோவிச் எழுதிய 'ரிமெம்ப்ரன்ஸ் ஒஃப் த டாலெக்ஸ்', முதல் பகுதி. டாலெக் என்பது டொக்டரின் தீராப் பகை. மிளகாய்த்தூள் டப்பாவைக் கவிழ்த்து வைத்ததுபோன்ற இரும்புக்கூடு, உள்ளே வெறுப்பு மட்டுமே தெரிந்த ஓர் உயிர். தரையில் வழுக்கித்தான் போகும். படியேறாது. அந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். டாலெக் வந்தால் மாடிக்கு ஓடு, தப்பிவிடுவாய்.

இந்தப் பாடத்தை நான் ஐந்து வயதிலேயே படித்திருந்தேன். 1983 ஆடியில், தமிழர்களுக்கு எதிரான கலவரம் வெடித்தபோது, கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் பின்வளவுச் சிங்களக் குடும்பத்தின் மாடியில் மூன்று நாள் ஒளித்திருந்தோம். அந்த வீட்டு ஐயா கீழே வாசலில் கதிரை போட்டுக் குந்தியிருந்து, வந்தவர்களைக் கதை சொல்லித் திருப்பி அனுப்பினார். படியில் ஏதாவது சத்தம் கேட்டால் அம்மா என் வாயைப் பொத்துவார். மூன்று நாளும் படியேறி வந்தது அந்த வீட்டு அன்ரியும் அவர் கொண்டுவந்த சோறும் மட்டுமே. மாடி காப்பாற்றும் என்பது என் எலும்பில் ஏறியிருந்த அறிவு.

பள்ளிக்கூடத்தின் நிலவறையில் டொக்டர் மாட்டிக்கொள்கிறார். படியேறி ஓடுகிறார். மேலே கதவை யாரோ பூட்டிவிட்டார்கள். கீழே டாலெக். அது படிக்கட்டின் அடியில் வந்து நின்றது. பிறகு அதன் அடிப்பாகம் ஒளிர்ந்தது. எழும்பியது. படிப்படியாக மேலே வந்தது.

அம்மா என் தோளைப் பிடித்தார். "நிப்பாட்டட்டோ?"

"வேண்டாம்."

வேண்டாம் என்று சொன்னேனே தவிர, அந்த வாரம் முழுக்க விடியப்புறம் அப்பா படியேறி வரும் சத்தத்துக்கு முழித்துக்கொண்டே கிடந்தேன். அடுத்த புதன் ஏஸ் ஒரு பேஸ்போல் மட்டையை எடுத்து டாலெக்கை அடிமேல் அடி அடித்தாள். என் மூச்சு அப்போதுதான் கீழே இறங்கியது.

அதே பகுதியில் இன்னொரு காட்சி. கதை நடப்பது 1963இல், ஷோர்டிச் பக்கம். ஏஸ் தங்கியிருக்கும் விடுதியின் வரவேற்பறை. ரீவியில் ஒரு புதிய விஞ்ஞானத் தொடர் ஆரம்பிக்கப்போகிறது என்று அறிவிப்பாளர் சொல்லும்போதே காட்சி வெட்டுப்படும். அது இதே தொடரின் முதல் நாள் என்பது புரிந்தவர்களுக்குப் புரியும். எனக்குப் புரிந்தது யன்னலில் தொங்கிய அட்டை. வெளியே பார்க்கத் தொங்கவிட்டதை ஏஸ் உள்ளிருந்து திருப்பி வாசிக்கிறாள். நிறமுள்ளவர்களுக்கு இடமில்லை. தன்னோடு அன்பாகப் பழகிய பையனின் தாய் நடத்துகிற வீடு அது. ஏஸ் வெளியே போய்விடுகிறாள்.

வீடு வாடகைக்கு விடுவதில் நிறம் பார்ப்பது 1968ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சட்டவிரோதமாகிவிட்டது. நாங்கள் வந்த காலத்தில் அட்டை எதுவும் இல்லை. தொலைபேசியில் அப்பாவின் குரலைக் கேட்டதும் அறை கொடுபட்டுவிட்டது என்பார்கள். நேரே போனால் கதவு பாதிதான் திறக்கும். ஏழு இடம் ஏறி இறங்கினோம். அம்மா அந்த அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தார். மொழிபெயர்க்க எனக்கு வேலை இருக்கவில்லை.

அந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு காட்சி. டாலெக்குகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, இரத்தச் சுத்தம் பற்றிய வெறியில் ஒன்றையொன்று கொல்கின்றன. டொக்டர் அவற்றின் கிரகத்தையே அழிக்கக்கூடிய ஒரு பொறியை விரித்துவிட்டார். இரவு, ஒரு தேநீர்க் கடை. யோசனையோடு உட்கார்ந்திருக்கிறார். தேநீருக்குச் சீனி வேண்டுமா என்று கேட்கிறார் கடையிலிருக்கும் ஜோன் என்ற கறுப்பினத்தவர். ஜோசப் மார்செல் நடித்தார். பின்னாளில் 'ஃபிரெஷ் பிரின்ஸ்' தொடரில் பட்லராக உலகமே பார்த்தவர். சீனி என்ற ஒன்றில் இந்த நாட்டுக்கு ஆசை வராமல் இருந்திருந்தால், தன் பாட்டனின் தகப்பனைக் கடத்திச் சங்கிலியிட்டு ஜமேக்காவில் விற்றிருக்கமாட்டார்கள் என்று ஜோன் சொல்கிறார். யாரோ ஒருவர் எடுத்த ஒரு முடிவின் அலை எவ்வளவு தூரம் போகிறது என்று இருவரும் பேசுகிறார்கள். வெடியும் ஓட்டமும் இல்லாத ஓரிரு நிமிடம்.

அன்று அப்பாவுக்கு ஓய்வு நாள். தேத்தண்ணிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தவர், "தேயிலைக்கும் இதே கதைதான்" என்றார். இந்தியாவிலிருந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக மலைக்குக் கூட்டிவரப்பட்டவர்களைப் பற்றி அன்றுதான் முதல் தடவை கேட்டேன். சுதந்திரம் வந்த 1948இலேயே அவர்களை நாடற்றவர்களாக்கிய சட்டத்தையும், அதை எதிர்க்காமல் கைதூக்கிய தமிழர்களும் இருந்ததையும் சொன்னார். அந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போது குரல் இறங்கியது. மீட்டர் முடிந்து அறை இருண்டது. அம்மா நாணயம் தேடினார். இருட்டிலும் அப்பா பேசிக்கொண்டே இருந்தார்.

அந்த நவம்பரில் 'த ஹப்பினஸ் பட்ரோல்'. துக்கப்படுவது குற்றமாக்கப்பட்ட ஓர் ஊர். ஷீலா ஹான்கொக் நடித்த ஆட்சித்தலைவியில் அப்போதைய பிரதமர் தட்சர் அம்மையாரின் சாயல் அப்பட்டம். தெருவில் போகும் சனங்களைக் குறிபார்த்து மேல்தட்டில் இரண்டு படையினர். டொக்டர் மெல்ல அவர்களிடம் ஏறிப்போகிறார். ஒருவனின் துப்பாக்கி முனையைத் தன் பக்கம் திருப்பி, தூரத்திலிருந்து கொல்வது சுலபம், இப்போது என் கண்ணைப் பார்த்துச் சுடு என்கிறார். அவனால் முடியவில்லை. சிரிக்க வைக்க வந்தவர் என்று நான் நினைத்திருந்த அந்தக் குட்டை மனிதரின் கண்ணில் அன்று வந்தது என்னவென்று இன்றைக்கும் என்னால் பெயரிட முடியாது. கொழும்பு வாசலில் கதிரை போட்டுக் குந்தியிருந்த ஐயாவின் முகம் எனக்கு மறந்துபோயிருந்தது. அன்றிலிருந்து அவரை நினைத்தால் மக்கோயின் முகம்தான் வருகிறது.

1989இன் பருவம் செப்டெம்பர் 6ஆம் திகதி தொடங்கியது. முதல் பகுதியைப் பார்த்தவர்கள் 31 இலட்சம் பேர்தான். அதுவரை அந்தத் தொடரின் வரலாற்றிலேயே அவ்வளவு குறைந்தது இல்லை. எதிரே நாட்டின் மிகப் பெரிய குடும்பத் தொடரை வைத்துவிட்டு, சனம் வரவில்லை என்று சொன்னார்கள். மக்கோயின் காலத்தை வீழ்ச்சிக் காலம் என்று எழுதியவர்களை நிறைய வாசித்திருக்கிறேன். கைச்செலவு போதாமல் செய்த காட்சிகள் கண்ணில் படுவது உண்மை. ஆனால் அந்தக் கடைசி வருடத்தில் வந்த 'கோஸ்ட் லைட்', 'த கர்ஸ் ஒஃப் ஃபென்ரிக்', 'சர்வைவல்' மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்த எவரும் அது செத்துக்கொண்டிருந்த தொடர் என்று சொல்லமாட்டார்.

ஒக்டோபர் 4 முதல் 18 வரை, மூன்று புதன், 'கோஸ்ட் லைட்'. மார்க் பிளாட் எழுதியது. 1883ஆம் ஆண்டு, பெரிவேலில் ஒரு பழைய மாளிகை. எங்கே கூட்டிவந்திருக்கிறார் என்று சொல்லாமலே ஏஸை டொக்டர் அங்கே கொண்டுவந்துவிடுகிறார். அவளுக்கு மெல்ல மெல்லத் தெரியவருகிறது. இது அவளுக்குப் பயமான வீடு. நூறு வருடம் கழித்து, பதின்மூன்று வயதில், மதிலேறிக் குதித்து அவள் உள்ளே போகப்போகும் வீடு. ஏன் போனாள் என்று சொல்கிறாள். குரல் உடைகிறது.

"என்னவாம், பிள்ளை?" குசினிக்குள் இருந்து அம்மா.

"அவளின்ர சிநேகிதியின்ர வீட்டை எரிச்சுப்போட்டாங்களாம். மனிஷா எண்டு பெயர்."

மா பிசைந்த கையோடு அம்மா வந்து நின்றார். "ஆர் எரிச்சது?"

"வெள்ளைப் பெடியள்."

"எந்த வருஷம்?"

நான் கணக்குப் பார்த்தேன். 1883. நூறு வருடம்.

"எண்பத்து மூண்டு, அம்மா."

அம்மா கதிரையில் இருந்தார். கையில் மா காய்ந்துகொண்டிருந்தது. "அந்தப் பிள்ளை தப்பினதோ?"

"அதைச் சொல்லேல்லை."

அதுவரை எங்கள் வீட்டைப் பற்றி அம்மா என்னிடம் பேசியதில்லை. அன்று பேசினார். ரீவியைப் பார்த்தபடியே, ஆனால் ரீவியைப் பார்க்காமல். தையல் மெசினில் பாதி தைத்தபடி கிடந்த என் சட்டை. கல்யாண அல்பம். அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய பித்தளைக் குத்துவிளக்கு. சாம்பலைக் கிளறியபோது அது மட்டும் உருகிக் கட்டியாகக் கிடைத்ததாம். எனக்கென்று அப்பா செய்வித்த சின்னக் கதிரை. அப்படியொரு கதிரை இருந்ததே எனக்குத் தெரியாது. என்ன நிறம் என்று கேட்டேன். பச்சை என்றார். ரீவியில் முடிவு இசை கேட்டது. அந்தப் பகுதி எப்படி முடிந்தது என்பதைப் பல வருடம் கழித்து வீடியோ நாடாவில்தான் பார்த்தேன்.

மனிஷாவுக்காகக் கோபப்பட்டு ஏஸ் அந்தப் பாழ்வீட்டைக் கொளுத்தினாள் என்று அம்மாவுக்கு அடுத்த வாரம் சொன்னேன். "அதுவும் பிழைதான்" என்றார். பிறகு, "பாவம்" என்றார்.

'ஃபென்ரிக்' இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கதை. இரத்தம் குடிக்கும் கடற்பிசாசுகளை ஆழமான நம்பிக்கை மட்டும்தான் தடுக்கும். ஒரு பாதிரியாரின் நம்பிக்கை பலன் தராமல் போகிறது. டொக்டர் வாய்க்குள் எதையோ முணுமுணுக்க, அவை பின்வாங்குகின்றன. மந்திரம் சொல்லுறார் என்றார் அம்மா. அது மந்திரம் அல்ல. இத்தனை வருடமும் தன்னோடு பயணம் செய்தவர்களின் பெயர்கள்.

பிறகு 'சர்வைவல்'. ரோனா மன்றோ எழுதியது. ஏஸ் ஊருக்குத் திரும்புகிறாள். அந்த வருடம் ஜூன் மாதம் உண்மையான பெரிவேலிலேயே படமாக்கியிருந்தார்கள். ஹோர்சென்டன் குன்று ரீவியில் தெரிந்தபோது, "இது நாங்கள் போற மலையெல்லோ!" என்று அம்மா கத்தினார். இளம் பெடியளும் பெட்டையளும் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள், ஊர் அதைக் கவனிக்கவேயில்லை. அப்படிக் காணாமல் போனவர்களில் ஒருத்தி ஷ்ரீலா, எங்களைப் போன்ற முகம். உயிரோடு மீள்கிறாள். முடிவில் பெயர்கள் ஓடியபோது நான் ரீவிக்கு ஒட்டினாற்போல் போய் நின்று வாசித்தேன். சகுந்தலா ரமணி. "சகுந்தலாவோ!" என்றார் அம்மா. திரும்பச் சொல்லச் சொன்னார்.

டிசெம்பர் 6. சண்டை எல்லாம் முடிந்து, டொக்டரும் ஏஸும் குன்றின் மரங்களுக்கிடையில் நடந்து போகிறார்கள். செய்யவேண்டிய வேலை இன்னும் இருக்கிறது என்று மக்கோயின் குரல். அந்த வரிகளை அவர் நவம்பர் 23ஆம் திகதி, தொடர் பிறந்து சரியாக 26 வருடமான நாளில், தனியாகப் பேசிப் பதிவு செய்தார். அது முடிவு என்று அவருக்கும் கார்ட்மெலுக்கும் தெரிந்திருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

1996இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் மக்கோய் திரும்பி வந்தார். சான் பிரான்சிஸ்கோவில் நீலப்பெட்டியை விட்டு இறங்கியதுமே சுடுபட்டு, அடுத்த டொக்டருக்கு இடம் விட்டார். 2005இல் தொடர் மறுபடி பிறந்தது. 2022 ஒக்டோபரில் ஏஸும் அவரும் ஒரு சில கணம் எதிரெதிரே நின்றார்கள், இருவரும் வயதுபோய். நானும் அழுதேன். ஆனால் நான் சொல்லவந்தது 1990 செப்டெம்பரை.

பள்ளிக்கூடம் தொடங்கி முதல் புதன்கிழமை. ஏழரைக்கு அம்மா மீட்டரில் நாணயம் போட்டார். நான் வழமையான இடத்தில் இருந்தேன். 7.35க்கு பிபிசி ஒன்றில் வேறேதோ போனது. அடுத்த வாரம் வரும் என்றேன். அடுத்த புதனும் வேறேதோ. மற்றப் பக்கத்தில் அம்மாவின் தெருவும் சனங்களும் சண்டையும் அந்த நேரத்தில் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுச் சுவரூடாக அந்த இசை கேட்டது. மூன்றாம் புதனும் அம்மா சனலை மாற்றவில்லை.